அரை கார் = ஒரு சைக்கிள்?

டிராஃபிக் இன்ஜினியரிங் பேப்பருக்காக பி.சி.யூ. டேபிளை எல்லாரும் மனப்பாடம் பண்ணியிருப்பீங்க. கார் 1, சைக்கிள் 0.5, பஸ் 3.7. எழுதினா ரெண்டு மார்க். எக்ஸாம் முடிஞ்சதும் மறந்துடுவோம். ஆனா உங்க ஊர் ரோடு எப்படி இருக்கணும்னு முடிவு பண்றதுல அந்த டேபிளுக்குப் பெரிய பங்கு இருக்கு.

ஒரு வண்டி ஓடும்போது, காரோடு ஒப்பிட்டா ரோட்டில் எவ்வளவு இடைஞ்சல் தருதுங்கிறதுதான் பி.சி.யூ. நகரச் சாலைகளுக்கான ஐ.ஆர்.சி. 106 (1990) படி, மொத்த வண்டிகளில் சைக்கிள் 5 சதவீதம் இருந்தா 0.4, 10 சதவீதமோ அதுக்கு மேலேயோ இருந்தா 0.5. பஸ்ஸுக்கு 2.2 முதல் 3.7 வரை. பஸ்ஸில் ஐம்பது பேர் இருந்தாலும் சரி, டிரைவர் மட்டும் இருந்தாலும் சரி, அதே எண்தான். இது வண்டிக் கணக்கு, ஆள் கணக்கு இல்லை.

ஒரு ரோட்டில் மணிக்கு 1,000 வண்டி போகுது, அதில் 200 சைக்கிள்னு வைங்க. டேபிள் அதை 100 காருக்குச் சமமான நெரிசல்னு சொல்லும். நெரிசலுக்கு மருந்தா ரோட்டை அகலப்படுத்துறாங்க. கார் வேகம் கூடுது. பயந்து போன அப்பா அம்மா பிள்ளைங்களை வேன்ல அனுப்புறாங்க. அடுத்த சர்வேயில் சைக்கிள் குறைஞ்சிருக்கும். உடனே "இங்க சைக்கிள் பாதைக்குத் தேவை இல்லை"ன்னு ரிப்போர்ட். பஸ்ஸே வராத ஊர்ல ஸ்டாப்பில் நிக்கிறவங்களை எண்ணின கதைதான்! இத்தனைக்கும் நம்ம அரசே வருஷா வருஷம் பிளஸ் ஒன் மாணவர்களுக்கு இலவசமா சைக்கிள் கொடுக்குது. சைக்கிள் இருக்கு, ஓட்ட இடம்தான் இல்லை.

ஸ்பெயினில் செவில் நகரம் வேற மாதிரி யோசிச்சது. 2006க்குப் பிறகு சில வருஷத்திலேயே 100 கி.மீ.க்கு மேல், வண்டிகளிலிருந்து பிரிச்ச சைக்கிள் பாதையைப் போட்டாங்க. அங்கொரு துண்டு இங்கொரு துண்டா இல்லாம, ஒண்ணோட ஒண்ணு சேர்ற வலையா. சைக்கிள் பயணம் பல மடங்கு கூடிச்சு. இடம் எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி, கார் நிறுத்தியிருந்த இடத்திலிருந்து.

ஒரு கார் நிறுத்த நாம ஒதுக்குற அகலம் 2.5 மீட்டர். அதில் ஒருவழி சைக்கிள் பாதை தாராளமா அடங்கும். நிக்கிற காருக்கு வால்யூம் கவுண்ட்டில் கட்டமே கிடையாது, அதனால அது தின்ற இடம் அந்தக் கணக்கில் வராது. மினி புராஜெக்ட்டுக்கு டாபிக் தேடுறவங்க, ஸ்கூல் விடுற நேரத்தில் ஒரு டேப்போட போய் முதல்ல அந்த அகலத்தை அளந்து பாருங்க.