ஹை ரெசல்யூஷன் பாட்டு: கம்ப்யூட்டரில் முழுதாகக் கேட்பது எப்படி?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதலில் செய்யும் வேலைகளில் ஒன்று பாட்டுக் கேட்பது. சில நாளில் யாராவது, "ஹை-ரெஸ் பைல் வாங்கிக் கேளுங்கள், ஒலி பிரமாதமாக இருக்கும்" என்பார்கள். கூடுதல் காசு கொடுத்து ஒரு ஆல்பத்தை டவுண்லோட் செய்து கேட்டால், பழைய எம்பி3 போலவே இருக்கும். காசு வீணாகிவிட்டதோ என்ற சந்தேகம் வரும். நான் சாப்ட்வேர் எஞ்சினியர் என்பதால் நண்பர்கள் பலர் இந்தக் கேள்வியோடு என்னிடம் வந்திருக்கிறார்கள். பைலில் உள்ள ஒலி முழுதாக ஸ்பீக்கர் வரை வருகிறதா என்று பார்த்த பிறகே இதற்குப் பதில் சொல்ல முடியும்.

எண்களின் பொருள்

கம்ப்யூட்டர் ஒலியை எண்களாகச் சேமிக்கிறது. ஒரு நொடியில் எத்தனை முறை ஒலியை அளக்கிறோம் என்பது சாம்பிள் ரேட். அளக்கும் ஸ்கேலில் எத்தனை கோடுகள் உள்ளன என்பதைச் சொல்வது பிட் டெப்த். 1982-ல் விற்பனைக்கு வந்த ஆடியோ சிடியில் நொடிக்கு 44,100 அளவுகள்; 16 பிட் என்பதால் ஸ்கேலில் 65,536 படிகள். ஹை-ரெஸ் பைல்களில் பரவலாக உள்ள 96 கிலோ ஹெர்ட்ஸ், 24 பிட் வகையில் நொடிக்கு 96,000 அளவுகள். படிகள் சுமார் 1 கோடியே 67 லட்சம்.

5 நிமிடப் பாட்டு ஒன்று 320 கேபிபிஎஸ் எம்பி3-யில் 12 எம்பி. சிடி தரத்தில் 53 எம்பி. 96/24 தரத்தில் சுமார் 173 எம்பி. இந்தப் பெரிய பைலை ஒலியில் எதையும் இழக்காமல் சுருக்கித் தருவதுதான் 2001-ல் வெளிவந்த பிளாக் பார்மட். எம்பி3 அப்படியல்ல, காதுக்குத் தெரியாது என்று கணித்த பகுதிகளை அது நீக்கிவிடும். நீக்கியது திரும்ப வராது. எம்பி3-யை பிளாக்காக மாற்றினால் பைல் பெரிதாகும், தரம் கூடாது.

விண்டோஸ் செட்டிங்

பாட்டு, வீடியோ, மெயில் வந்த மணி ஓசை என எல்லா ஒலிகளையும் விண்டோஸ் ஒன்றாகக் கலந்து, ஒரே அளவுக்கு மாற்றித்தான் வெளியே அனுப்புகிறது. அந்த அளவு 48 கிலோ ஹெர்ட்ஸ், 16 பிட் என்று இருந்தால், உங்கள் 96/24 பைலும் அதற்குள் சுருங்கிவிடும். இதை மாற்றும் வழி:

1. ஸ்டார்ட் மெனுவில் தேடி கன்ட்ரோல் பேனலைத் திறந்து, ஹார்டுவேர் அண்ட் சவுண்ட், பிறகு சவுண்ட் என்பதை கிளிக் செய்யுங்கள்.
2. பிளேபேக் டேபில் பச்சை டிக் உள்ள சாதனத்தைத் தேர்வு செய்து பிராப்பர்ட்டீஸ் பட்டனை அழுத்துங்கள்.
3. அட்வான்ஸ்டு டேபில் டீபால்ட் பார்மட் என்ற பட்டியல் இருக்கும். அதில் 24 பிட், 96000 ஹெர்ட்ஸ் இருந்தால் தேர்வு செய்யுங்கள். இல்லையென்றால் உங்கள் சவுண்ட் சிப்போ, அதன் டிரைவரோ அந்த அளவுக்கு இடம் தரவில்லை என்று பொருள்.
4. அதே இடத்தில் எக்ஸ்குளூசிவ் மோட் என்பதன் கீழ் உள்ள கட்டங்களில் டிக் இருக்கட்டும். ஓகே கிளிக் செய்யுங்கள்.

அடுத்து இலவசமாகக் கிடைக்கும் பூபார்2000 பிளேயரை இன்ஸ்டால் செய்யுங்கள். பைல் மெனுவில் பிரிபரன்சஸ், பிளேபேக், அவுட்புட் என்று சென்றால் சாதனங்களின் பட்டியல் வரும். எக்ஸ்குளூசிவ் என்று பெயருடன் சேர்ந்திருப்பதைத் தேர்வு செய்யுங்கள். இனி விண்டோஸ் கலவையைத் தாண்டி பைல் நேராகச் செல்லும். பாட்டு ஓடும்போது மற்ற புரோகிராம்களின் ஒலி கேட்காது, பயப்பட வேண்டாம்.

புளூடூத் ஹெட்போனில் கேட்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். புளூடூத்தின் அடிப்படை முறையான எஸ்பிசி, ஒலியை இழப்புடன் சுருக்கித்தான் அனுப்பும். நீங்கள் எந்த ஹை-ரெஸ் பைலைப் போட்டாலும் வழியில் அது சுருங்கிவிடும். ஆகவே ஒயர் உள்ள ஹெட்போனையே பயன்படுத்துங்கள்.

பைல் அசலா, போலியா?

எம்பி3-யை பிளாக் ஆக்கி ஹை-ரெஸ் என்று கொடுப்பவர்களும் உண்டு. ஸ்பெக் என்ற இலவச சாப்ட்வேரில் பைலை இழுத்துப் போடுங்கள். ஒலியின் படம் தெரியும். 16 கிலோ ஹெர்ட்ஸ் அருகே கத்தியால் வெட்டியதுபோல் மேலே கருப்பாக இருந்தால், அது பெரும்பாலும் 128 கேபிபிஎஸ் எம்பி3-யிலிருந்து வந்தது. 96 கிலோ ஹெர்ட்ஸ் பைல் 22 கிலோ ஹெர்ட்ஸில் வெட்டப்பட்டிருந்தால், சிடி தரத்திலிருந்து ஊதிப் பெரிதாக்கியிருக்க வாய்ப்பு அதிகம்.

காதுக்குத் தெரியுமா?

மனிதக் காது கேட்பது சுமார் 20 கிலோ ஹெர்ட்ஸ் வரைதான். வயது ஏற ஏற அது குறையும். 44.1 கிலோ ஹெர்ட்ஸ் சாம்பிள் ரேட், 22 கிலோ ஹெர்ட்ஸ் வரை உள்ள ஒலியைப் பதிந்துவிடும். 2007-ல் மேயர், மோரன் என்ற இருவர் ஹை-ரெஸ் ஒலியையும், அதையே சிடி தரத்துக்குக் குறைத்த ஒலியையும் எது எது என்று சொல்லாமல் பலருக்குப் போட்டுக் காட்டினார்கள். 554 முறை கேட்டதில் சரியான விடை சுமார் பாதிதான். நாணயம் சுண்டினாலும் அவ்வளவு வரும். 2016-ல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ரைஸ், சிறிய அளவில் வித்தியாசம் தெரிகிறது, பயிற்சி பெற்றவர்களுக்குச் சற்றுக் கூடுதலாகத் தெரிகிறது என்று எழுதினார்.

நீங்களே சோதிக்கலாம். பூபார்2000-க்கு ஏபிஎக்ஸ் கம்பேரேட்டர் என்ற துணை சாப்ட்வேர் இருக்கிறது. ஒரே பாட்டின் இரண்டு பைல்களைக் கொடுத்தால், பெயரை மறைத்து மாற்றி மாற்றிப் போடும். 16 முறையில் 12 அல்லது அதற்கு மேல் சரியாகச் சொன்னால், உங்கள் காதை நம்பலாம். ஊகத்தால் அது நடக்க வாய்ப்பு 4 சதவீதத்திற்கும் குறைவு. நான் சிடி தரத்தையும் 96/24-ஐயும் வைத்துக் கேட்டதில் 9 தான் வந்தது. ஆனால் 128 கேபிபிஎஸ் எம்பி3-யைப் பெரும்பாலும் கண்டுபிடித்துவிட்டேன்.

எனவே கையில் இருக்கும் காசை முதலில் நல்ல ஹெட்போனுக்கோ ஸ்பீக்கருக்கோ செலவழியுங்கள். பின்னணியில் இரைச்சல் கேட்டால் வெளியே இணைக்கும் யுஎஸ்பி டேக் ஒன்று வாங்கலாம். பாட்டு வாங்கும்போது சிடி தரத்தில் உள்ள பிளாக் பைலே போதும். ஹை-ரெஸ் வாங்குவதற்கு முன் ஏபிஎக்ஸ் சோதனையை ஒருமுறை செய்து பாருங்கள்.