தாடி ஓணானின் குளிர்காலம்

வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வானேன் என்று நம் ஊர்ப் பெரியவர்கள் கேட்பது வழக்கம். இன்று தில்லியில் நம் பேரப்பிள்ளைகள் ஓணானைக் காசு கொடுத்தே வாங்கி, மடியில் அல்ல, தோளில் உட்கார வைத்துக்கொள்கிறார்கள். ஆங்கிலத்தில் 'பியர்டட் டிராகன்' என்று அழைக்கப்படும் இந்தப் பிராணியை நாம் தாடி ஓணான் என்றே சொல்லலாம். பெயர்ப் பொருத்தத்துக்காக மட்டும் அல்ல. நம் வேலி ஓணானும் இதுவும் உண்மையிலேயே ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. பயந்தாலோ கோபம் வந்தாலோ தொண்டையை உப்பிக் கறுப்பாக்கிக்கொள்வதால் 'தாடி'. வாலோடு சேர்த்து ஏறத்தாழ ஒன்றரை அடி முதல் இரண்டடி நீளம் வளரும்.

வளர்க்கும் வீடுகளில் நவம்பர் கடைசியில் ஒரு கலக்கம் வரும். நேற்றுவரை தட்டைப் பார்த்தாலே ஓடி வந்த பிராணி இன்று கீரையைத் திரும்பிப் பார்க்காது. விளக்கடியில் காயாமல் இருட்டு மூலையில் போய்ப் படுத்துக்கொள்ளும். "தாத்தா, இது செத்துப்போயிடுமா?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். "குளிர்காலம், தூங்குகிறது, விட்டுவிடு" என்று சொல்லிவிடுவது எளிது. பெரும்பாலும் அதுவே உண்மையாகவும் இருக்கும். ஆனால் நோய்ப்பட்ட ஓணானும் இதே மாதிரிதான் சாப்பாட்டை விட்டு மூலையில் படுக்கும். இரண்டையும் பிரித்து அறிவதில்தான் அதன் உயிர் இருக்கிறது.

இந்த ஓணானின் தாயகம் ஆஸ்திரேலியாவின் உட்பகுதி. அங்கே ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் ஊரில் ஜூலை மாதம் பகலில் 20 டிகிரி, இரவில் 4 டிகிரி சென்டிகிரேடு என்பது சராசரி. தில்லியின் ஜனவரியும் ஏறக்குறைய அப்படித்தான்: பகல் 20, இரவு 7. பிறகு என்ன கவலை என்று தோன்றும். வேறுபாடு ஈரத்தில் இருக்கிறது. அங்கே குளிர்காலம் வறண்டது, வெயில் உண்டு. இங்கே மூடுபனி, நாள் கணக்கில் சூரியனே தெரியாது. ஈரமும் குளிரும் சேர்ந்தால் ஊர்வனவற்றின் நுரையீரலில் சளி கட்டும்.

குளிர் தொடங்கியதும் காட்டில் அது பள்ளத்திலோ கட்டைக்கு அடியிலோ ஒதுங்கி வாரக்கணக்கில் அசையாமல் கிடக்கும். கரடி போன்ற பாலூட்டிகளின் நீள்துயிலிலிருந்து இதைப் பிரித்துக் காட்ட 1965ல் வில்பர் மேஹ்யூ என்ற விஞ்ஞானி 'புரூமேஷன்' என்று பெயரிட்டார். நாம் குளிர்முடக்கம் என்று வைத்துக்கொள்வோம். இது இரவுத் தூக்கமும் அல்ல. தாடி ஓணானின் இரவுத் தூக்கத்தை ஜெர்மனியில் ஆராய்ந்து 2016ல் வெளியிட்டார்கள். மனிதனைப் போலவே அதற்கும் இரண்டு வகைத் தூக்கம் உண்டு, சுமார் 80 விநாடிக்கு ஒருமுறை சுழற்சி திரும்புகிறது என்று கண்டார்கள். குளிர்முடக்கம் வேறு. அதில் உடம்பின் இயக்கம் முழுவதுமே தணிந்துவிடுகிறது. நம் ராஜஸ்தான் பாலைவனத்துச் சாண்டா பல்லியும் குளிர்காலத்தில் வளையின் வாயை மண்ணால் அடைத்துக்கொண்டு உள்ளே கிடக்கும். (அதைப் பிடிப்பதோ வளர்ப்பதோ சட்டப்படி குற்றம், உடும்பும் அப்படியே. விற்பவன் எந்தப் பெயர் சொன்னாலும் வாங்காதீர்கள்.)

நீராவி எஞ்சின் ஓடிய காலத்தில் ஷெட்டில் இரவு நிற்கும் வண்டியின் நெருப்பை அணைத்துவிட மாட்டார்கள். கரியைக் குவித்து, காற்றைக் குறைத்து, கனிய விட்டு வைப்பார்கள். குளிர்முடக்கம் அதுபோலத்தான். ஊர்வனவற்றுக்குச் சொந்தமாக உடல் சூடு கிடையாது. வெப்பம் 10 டிகிரி இறங்கினால் உடம்பின் எரிபொருள் செலவு பாதியாகவோ மூன்றில் ஒரு பங்காகவோ குறைந்துவிடும். சேர்த்து வைத்த கொழுப்பில் இரண்டு மூன்று மாதம்கூட அது ஓட்டிவிடும். ஆனால் செரிமானமும் அதே விகிதத்தில் நின்றுபோகும் என்பதை மறக்கக்கூடாது. இரைப்பையில் கிடக்கும் தீனி குளிரில் செரிக்காமல் அழுகும். தில்லி வீடுகளில் எனக்கு அதிகம் அச்சம் தருவது இந்தப் பாதிக் குளிர்தான்: விளக்கு சரியாக எரியாது, அறை 16 டிகிரி இருக்கும், "பாவம், பட்டினி கிடக்கிறதே" என்று பாட்டி தீனியை ஊட்டிக்கொண்டிருப்பார்.

ஆகவே வேலை அக்டோபரிலேயே தொடங்க வேண்டும். ஊர்வனவற்றைப் பார்க்கத் தெரிந்த கால்நடை டாக்டர் எல்லாத் தெருவிலும் கிடைக்கமாட்டார். அவரை முதலில் தேடி வையுங்கள். புதிதாகக் கழித்த மலத்தைக் கொண்டுபோய்ப் பரிசோதிக்க வேண்டும். குடலில் காக்சிடியா போன்ற ஒட்டுண்ணிகள் இருந்தால், ஓணான் வலுவாக இருக்கும்வரை அடங்கியிருக்கும். முடங்கிய உடம்பில் அவை கை ஓங்கிவிடும். ஒரு வயது நிறையாத குட்டி, மெலிந்தது, அண்மையில் நோயிலிருந்து எழுந்தது ஆகியவற்றை முடங்க விடக்கூடாது; வழக்கமான விளக்கும் சூடும் கொடுத்து விழிப்பிலேயே வைத்திருக்க வேண்டும். எல்லாத் தாடி ஓணானும் முடங்கும் என்பதும் இல்லை. முடங்காததை வலிந்து முடக்க வேண்டாம்.

ஆரோக்கியமானது தானாகவே தீனியைக் குறைத்தால், நாமும் தீனியை நிறுத்திவிட வேண்டும். ஆனால் விளக்கை உடனே நிறுத்தக்கூடாது. காயும் இடத்தில் 38 முதல் 42 டிகிரி சூட்டை இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள் கொடுத்தால்தான் குடல் காலியாகும். அதன் பிறகு விளக்கு நேரத்தைப் படிப்படியாகக் குறைத்து, கூண்டு 16 முதல் 20 டிகிரியில் நிற்கும்படி செய்யலாம். பால்கனிச் சுவரை ஒட்டி, தரையில் கூண்டு வைத்தால் ஜனவரி இரவில் அது 10க்குக் கீழே போய்விடும். உள் அறையில், மேசை மேல் வையுங்கள். ஒளி தராத பீங்கான் ஹீட்டர் ஒன்றைத் தெர்மோஸ்டாட்டோடு இணைத்து 16ல் நிறுத்தினால் போதும். சூடேறும் செயற்கைக் கல் என்று விற்பது வேண்டவே வேண்டாம், வயிறு வெந்துபோகும். தெர்மாமீட்டரை ஓணான் படுக்கும் மூலையில் வையுங்கள், கண்ணாடியின் மேல் பக்கத்தில் அல்ல.

இனி முக்கியமான கருவிக்கு வருகிறேன். அது சமையலறைத் தராசு. ஒரு கிராம் காட்டும் டிஜிட்டல் தராசாக இருக்கட்டும். முடங்கும் நாளன்று எடையைக் குறித்து, பிறகு வாரம் ஒருமுறை அதே நாளில் நிறுத்து நோட்டில் எழுதுங்கள். முறையாக முடங்கிய ஓணான் எடை இழப்பது மிகக் குறைவு. பத்தில் ஒரு பங்கு குறைந்தால் அது முடக்கம் அல்ல, கோளாறு. 420 கிராமில் தொடங்கியது 378ஐத் தொட்டால் காத்திருக்காமல் சூடேற்றி எழுப்பி டாக்டரிடம் கொண்டுபோக வேண்டும். கண்ணுக்கு 40 கிராம் இழப்பு தெரியவே தெரியாது. அதனால்தான் தராசை இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

நிறுப்பதற்கு எடுக்கும்போதே கையும் ஒரு பரிசோதனை செய்யும். முடங்கியிருப்பது மெல்லக் கண் திறக்கும், நகத்தால் விரலைப் பற்றும், வாலின் அடிப்பாகம் சதைப்பற்றோடு இருக்கும். நோய்ப்பட்டது துணிபோலத் தொங்கும். கண் குழிந்திருக்கும், இடுப்பெலும்பு துருத்தும், மூக்கில் சளி தெரியும், வாயைத் திறந்து மூச்சு வாங்கும். கால் விரல் துடிப்பதும் தாடை வீங்குவதும் சுண்ணாம்புச் சத்துக் குறைவின் அடையாளங்கள். முடக்கத்தின் நடுவில் மலம் கழித்தால், உடனே உடம்பைக் கழுவிவிட்டு, குடலில் இன்னும் தீனி இருக்கிறதா என்று டாக்டரைக் கேளுங்கள்.

பட்டினியைத் தாங்கும் ஓணான் தாகத்தைத் தாங்காது. நீர் குறைந்தால் யூரிக் அமிலம் சிறுநீரகத்தில் படியும். கூண்டில் ஆழமில்லாத கிண்ணத்தில் தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். வாரம் ஒருமுறை வெதுவெதுப்பான நீரில், தோள் மட்டத்துக்கு மேல் போகாமல், பத்து நிமிடம் நிற்க விடலாம். பக்கத்திலேயே இருங்கள், தூக்கக் கலக்கத்தில் தலை கவிழ்ந்தால் மூழ்கிவிடும். துடைத்து உலர்த்திய பிறகே உள்ளே விட வேண்டும். தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் பிள்ளைகளைச் சாப்பிட விடாதீர்கள். சால்மொனெல்லா கிருமி ஆரோக்கியமான ஊர்வனவற்றிலும் உண்டு.

நம் குடும்பங்களுக்கென்று ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. பொங்கலுக்கு ஊருக்குப் போவது. இரண்டு வாரம் வீடு பூட்டிக் கிடக்கும் என்று, புறப்படும் நாளில் விளக்கை அணைத்துவிட்டு, "தானே தூங்கிக்கொள்ளும்" என்று போவது அந்தப் பிராணியைக் கொல்லும் வழி. வயிற்றில் தீனியோடு குளிரில் விட்டதாகும். டிசம்பர் நடுவிலேயே முறையாக முடங்கி, இரண்டு மூன்று வாரம் எடை நிலையாக இருந்தால், பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீரும் தெர்மாமீட்டரும் பார்த்தாலே போதும். முடங்காமல் விழித்திருந்தால், தினமும் விளக்குப் போட்டுத் தீனி வைக்க ஆள் வேண்டும். சைவ வீட்டில் கரப்பான் பூச்சி டப்பாவை யார் ஏற்பார்கள் என்று சிரிக்காதீர்கள்; வளர்ந்த ஓணானுக்குக் கீரையும் காயுமே பெரும்பகுதித் தீனி, இரண்டு வாரம் அதுவே போதும். பாலக்கை மட்டும் அடிக்கடி கொடுக்க வேண்டாம், சுண்ணாம்புச் சத்தை அது பிடித்துக்கொள்ளும்.

பிப்ரவரியில் வெயில் ஏறும்போது பெரும்பாலும் தானாகவே வெளியே வரும். விளக்கை ஒரே நாளில் பன்னிரண்டு மணி நேரம் போடாமல், ஒரு வாரத்தில் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். புற ஊதா விளக்கையும் மறக்க வேண்டாம். எரிந்தாலும் பழையதில் புற ஊதாக் கதிர் குறைந்திருக்கும். முதலில் தண்ணீர், இரண்டு மூன்று நாள் நன்றாகக் காய்ந்த பிறகு கொஞ்சம் கீரை, ஒரு முறை மலம் கழித்த பிறகே பூச்சி. பெண்ணாக இருந்தால் இணை சேராமலே முட்டையிடக்கூடும். தோண்டத் தொடங்கினால் ஈரமணல் நிரப்பிய ஆழமான பெட்டி ஒன்றை உள்ளே வையுங்கள்.