வாசலில் நிற்கும் வண்டியும் வகுப்பில் படித்த பாடமும்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்

மோட்டார் கார் ஒரு காலத்தில் செல்வர் வீட்டு அலங்காரமாக விளங்கியது. இன்று அது எத்தனையோ குடும்பங்களின் பிழைப்புக் கருவியாகி விட்டது. எங்கள் வீட்டு வாசலில் நிற்பதும் அத்தகைய ஒரு வண்டியே. 1984-இல் விற்பனைக்கு வந்து 2019-இல் உற்பத்தி நின்றுபோன மாருதி ஆம்னி வகையைச் சேர்ந்தது. இரண்டாம் கையாக வாங்கியது. என் தந்தையார் அதை வாடகைக்கு ஓட்டுகிறார். வண்டி ஒரு நாள் பட்டறையில் நின்றால், பழுதுச் செலவு ஒருபுறம் இருக்க, அன்றைய சவாரியும் போய்விடும். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். என் கட்டணமும் அந்த நான்கு சக்கரங்களில்தான் உருண்டு வருகிறது.

ஆகவே வண்டியைப் பேணுவது எங்களுக்குப் பொழுதுபோக்கு ஆகாது. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய தந்தையார், இயந்திரத்தின் ஓசையைக் கேட்டே குறையைச் சொல்லிவிடுவார். அந்தக் குறை ஏன் வந்தது என்பதற்கு விடை என் பாடப் புத்தகத்தில் கிடைத்தது. அவருடைய கைப்பழக்கமும் என்னுடைய ஏட்டறிவும் சேர்ந்து இந்த இரண்டு ஆண்டுகளில் கற்றவற்றை நண்பர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். காரணம் தெரிந்த வேலையை மட்டும் வீட்டில் செய்ய வேண்டும்; காரணம் தெரியாத வேலையில் கை வைக்கலாகாது. இந்த ஒரு விதியை மனத்தில் கொண்டு மேலே செல்வோம்.

எண்ணெய்

இயந்திரத்துக்குள் உலோகமும் உலோகமும் நேரே உரசாமல் காப்பது எண்ணெயின் மெல்லிய படலம். அது குறைந்தால் உராய்வு மிகும். உராய்வினால் வெப்பம் மிகும். முடிவில் இயந்திரமே இறுகிப்போகும். எண்ணெய் அளவைப் பார்க்க ஒரு துண்டுத் துணி போதும். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, இயந்திரத்தை அணைத்துச் சில நிமிடம் பொறுக்க வேண்டும். மேலே ஏறிய எண்ணெய் அடித்தொட்டிக்கு இறங்கவே இந்தப் பொறுமை. பின்பு அளவுகுச்சியை உருவித் துடைத்து, மீண்டும் முழுவதும் செருகி எடுத்துப் பார்க்க வேண்டும். இரண்டு குறிகளுக்கும் இடையில் எண்ணெய் நின்றால் நலம். மேல் குறிக்கு மேல் ஊற்றுவதும் கேடுதான். சுழலும் தண்டு எண்ணெயைக் கடைந்து நுரையாக்கிவிடும். நுரைக்கு உலோகத்தைத் தாங்கும் வலிமை இல்லை.

எண்ணெய் கறுத்திருப்பதைக் கண்டு அஞ்ச வேண்டாம். கரியைத் தன்னுள் தாங்கிக் கொள்வதும் அதன் வேலையே. ஆனால் காப்பியில் பால் கலந்ததுபோல் வெளிறிக் குழம்பியிருந்தால், எண்ணெயில் நீர் கலந்துள்ளது என்று பொருள். அப்போது வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கை அழைக்க வேண்டும்.

எண்ணெய் மாற்றுவதையும் வீட்டில் செய்யலாம். ஆனால் கழிவு எண்ணெயைச் சாக்கடையிலோ தோட்டத்திலோ கொட்டலாகாது. நம் நாட்டின் 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி அது அபாயகரமான கழிவு வகையைச் சேர்ந்தது. கேனில் அடைத்து, முறையாகச் சேகரிப்போரிடம் சேர்க்கும் பட்டறையில் கொடுத்துவிட வேண்டும்.

குளிர்விக்கும் நீர்

சாதாரணக் காற்றழுத்தத்தில் நீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் என்பதை அறிவோம். ரேடியேட்டரின் மூடி வெறும் மூடி அன்று. அதற்குள் ஒரு சுருள்வில் இருக்கிறது. காற்றழுத்தத்துக்கு மேல் இன்னும் ஏறத்தாழ 0.9 மடங்கு அழுத்தம் சேரும் வரை அது நீராவியை வெளியே விடாது. அந்த அழுத்தத்தில் நீரின் கொதிநிலை சுமார் 118 டிகிரிக்கு உயர்கிறது. நம் வீட்டுப் பிரஷர் குக்கரின் தத்துவமும் இதுவே.

இப்போது சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். அழுத்தம் ஒரு நொடியில் இறங்குகிறது. 110 டிகிரியில் அமைதியாக இருந்த நீர் அக்கணமே கொதித்துப் பீறிடுகிறது. நெடுஞ்சாலை ஓரத்தில் முகமும் கையும் வெந்தவர்கள் பலர். கையால் தொட்டால் சூடு தெரியாத நிலை வரும் வரை மூடியைத் தொடலாகாது. எவ்வளவு அவசரச் சவாரியாயினும் இதற்கு விலக்கு இல்லை.

போர் தண்ணீரை ஊற்றும் பழக்கம் நம் பக்கத்தில் மிகுதி. கடின நீரில் உள்ள கால்சியம், மக்னீசியம் உப்புகள், வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படிவதுபோல் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் படிந்து அடைத்துவிடும். கூலன்ட்டை அதன் கேனில் குறித்துள்ள விகிதப்படி, காய்ச்சி வடித்த நீருடன் கலந்து ஊற்றுவதே முறை. கூலன்ட்டில் பெரும்பாலும் எத்திலீன் கிளைக்கால் உள்ளது. அது இனிக்கும் நஞ்சு. குழந்தைகளுக்கும் நாய் பூனைகளுக்கும் எட்டாமல் வைக்க வேண்டும்.

பேட்டரியும் ஓம் விதியும்

சென்ற ஆண்டு ஒரு முகூர்த்த நாள் விடியலில் எங்கள் வண்டி கிளம்ப மறுத்தது. விளக்கு நன்றாக எரிந்தது. சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்ற ஓசை மட்டுமே வந்தது. தந்தையார் கேட்ட பட்டறையில், பார்க்காமலேயே பேட்டரி போய்விட்டது, புதிது போடுங்கள் என்றார்கள். அதன் விலை எங்கள் வீட்டின் ஒரு வார வருமானம்.

கல்வி உதவித்தொகையில் வாங்கிய சிறிய மல்டிமீட்டர் என்னிடம் இருந்தது. பேட்டரியின் இரு முனைகளுக்கும் இடையே 12.5 வோல்ட் காட்டியது. ஒவ்வொன்றும் சுமார் 2.1 வோல்ட் தரும் ஆறு கலங்கள் கொண்ட பேட்டரி முழு மின்னேற்றத்தில் 12.6 வோல்ட் காட்டும். ஆக, அது ஏறக்குறைய நிரம்பியே இருந்தது. அடுத்து, தந்தையார் சாவியைத் திருப்பும்போது, மீட்டரின் ஒரு முள்ளைப் பேட்டரியின் முனையிலும் மற்றொன்றை அதன்மேல் மாட்டிய கவ்வியிலும் வைத்துப் பார்த்தேன். ஒன்றையொன்று தொட்டுக் கொண்டிருக்கும் அந்த இரண்டுக்கும் இடையே எதுவும் காட்டக்கூடாது. ஆனால் பல வோல்ட் காட்டியது. கவ்விக்கு அடியில் வெண்பச்சை நிறத்தில் உப்புப் பூத்திருந்தது.

விளக்கு எரிந்தும் செல்ஃப் மோட்டார் ஏன் சுழலவில்லை? ஓம் விதி விடை சொல்கிறது. அந்த உப்புப் படலத்தின் மின்தடை 0.05 ஓம் என்று கொள்வோம். 60 வாட் விளக்கு இழுப்பது 5 ஆம்பியர். அது படலத்தில் இழப்பது 0.25 வோல்ட்தான். எனவே விளக்கு எரியும். செல்ஃப் மோட்டாரோ 100 ஆம்பியர் அளவில் இழுக்கும்; அப்போது இழப்பு 5 வோல்ட். எஞ்சிய வோல்ட்டில் மோட்டார் எப்படிச் சுழலும்?

கவ்வியைக் கழற்றி, சோடா உப்புக் கரைசலால் கழுவி, உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்து, இறுக மாட்டி, மேலே வாசலின் பூசினோம். முதல் திருப்பிலேயே இயந்திரம் கிளம்பியது. முகூர்த்தச் சவாரியும் தவறவில்லை.

இந்த வேலைக்கு முறை உண்டு. கழற்றும்போது முதலில் எதிர்முனை. மாட்டும்போது கடைசியில் எதிர்முனை. வண்டியின் உடல் முழுவதும் எதிர்முனையோடு இணைந்துள்ளது. நேர்முனையை முதலில் கழற்றினால், ஸ்பேனர் தவறி உடலில் பட்ட மாத்திரத்தில் குறுக்குச் சுற்று ஏற்பட்டுத் தீப்பொறி பறக்கும். மின்னேற்றத்தின்போது ஹைட்ரஜன் வாயு வெளிவருவதால், பேட்டரி அருகில் பீடியும் தீக்குச்சியும் கூடவே கூடாது. கழுவும்போது கண்ணாடியும் கையுறையும் அணிய வேண்டும். உள்ளே இருப்பது கந்தக அமிலம்.

ஃபியூஸ் போனால் அதே ஆம்பியர் அளவுள்ள ஃபியூஸையே மாட்ட வேண்டும். சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றி ஓட்டுவது, வண்டிக்கு நாமே கொள்ளி வைப்பதற்கு ஒப்பாகும்.

காற்று

ஒரு கிலோ பெட்ரோல் சரிவர எரிவதற்குச் சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை ஏறத்தாழ 0.74 கிலோ. அதற்கு வேண்டிய காற்று சுமார் 11 கிலோ. அதன் கன அளவு சுமார் 9,000 லிட்டர். ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 9,000 லிட்டர் காற்று! நம் ஊர்ப் புழுதி அத்தனையும் ஏர் ஃபில்டரில்தான் தங்குகிறது. அதைக் கழற்றி வெயிலுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் ஊடுருவாவிட்டால் மாற்றும் காலம் வந்துவிட்டது. கிளிப்புகளை விடுவித்தால் வரும் வேலைதான்.

டயருக்குரிய அழுத்தம் ஓட்டுநர் கதவருகே ஒட்டிய தாளிலோ கையேட்டிலோ இருக்கும். வண்டி ஓடாமல் குளிர்ந்திருக்கும்போதே அளக்க வேண்டும். ஓடிய டயரில் காற்று சூடாகி அழுத்தத்தைக் கூட்டிக் காட்டும். டயரின் இரு ஓரங்களும் தேய்ந்திருந்தால் காற்றுக் குறைவு. நடுப்பகுதி தேய்ந்திருந்தால் காற்று மிகுதி. ஒரே ஓரம் தேய்ந்திருந்தால் சக்கர நேர்த்தி கெட்டுள்ளது. பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் டயரை மாற்றியே தீர வேண்டும்.

ஸ்டெப்னி மாற்றும்போது, சக்கரம் தரையில் இருக்கையிலேயே நட்டுகளைச் சற்றுத் தளர்த்திவிட்டு, பிறகு ஜாக்கியால் தூக்க வேண்டும். எதிர்ச் சக்கரத்துக்குக் கல் அண்டக் கொடுக்க வேண்டும். மாட்டும்போது நட்டுகளைக் குறுக்கும் மறுக்குமாக இறுக்க வேண்டும். வெறும் ஜாக்கியின் மேல் நிற்கும் வண்டிக்கு அடியில் எக்காரணம் கொண்டும் தலையை நீட்டலாகாது.

கை வைக்கக் கூடாத இடம்

பாஸ்கல் விதியைப் பள்ளியிலேயே படித்தோம். அடைபட்ட திரவத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாத் திசையிலும் சமமாகப் பரவும். 3 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள பிஸ்டனை அழுத்தினால், 15 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள பிஸ்டனில் ஐந்து மடங்கு விசை கிடைக்கும். ஒரு பாதத்தின் அழுத்தம் ஓடும் வண்டியை நிறுத்துவது இப்படித்தான்.

ஆனால் இந்த விதியின் பயன் திரவம் அமுங்காது என்பதைச் சார்ந்தது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட்-3 வகைக்குப் புதிதில் குறைந்தது 205 டிகிரி கொதிநிலை இருக்க வேண்டும் என்பது தரவிதி, 3.7 சதவீதம் நீர் சேர்ந்தபின் அவ்விதி கேட்பது 140 டிகிரிதான். மலைப்பாதை இறக்கத்தில் தொடர்ந்து பிரேக் பிடித்தால் அந்த வெப்பம் எளிதில் வந்துவிடும். ஆயில் கொதித்து ஆவிக்குமிழி உண்டாகும். ஆவி அமுங்கும், மிதியும் தரைவரை இறங்கும், வண்டி நிற்காது.

எனவே பிரேக் ஆயிலின் அளவைக் கண்ணால் பார்ப்பதோடு என் வேலை முடிகிறது. அளவு இறங்கியிருந்தால் பிரேக் கட்டை தேய்ந்திருக்கலாம், அல்லது எங்கேனும் கசியலாம். இரண்டையும் தேர்ந்த மெக்கானிக்கே பார்க்க வேண்டும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலை மாற்றுவதற்கும் பட்டறைக்கே போகிறோம். அந்தக் கூலியைக் கொடுக்கும்போது தந்தையார் முணுமுணுப்பதில்லை. வண்டியில் ஏறுவோர் நம்மை நம்பி ஏறுகிறார்கள்; அவர்கள் உயிரில் சிக்கனம் பார்க்க நமக்கு உரிமை இல்லை என்பார்.

ஸ்டியரிங், டைமிங் பெல்ட், காற்றுப்பை ஆகியவையும் இவ்வகையே. மின்சாரக் கார்களில் ஆரஞ்சு நிறக் கம்பிகள் பல நூறு வோல்ட் அழுத்தம் உடையவை. அவற்றின் அருகில் செல்லவே கூடாது. அக்கார்களிலும் டயர் பார்ப்பதும், கண்ணாடித் துடைப்பான் மாற்றுவதும் நாமே செய்யத்தக்கவை.

மெக்கானிக்குகளைக் குறை கூறுவது என் எண்ணமன்று. வெயிலில் வண்டிக்கு அடியில் படுத்து உழைக்கும் அவர்களிடம் நான் கற்றது ஏராளம். ஆனால் என்ன குறை என்று ஓரளவு தெரிந்து சென்றால், அவர்களோடு பேசும் பேச்சே வேறாகிறது. “என்னமோ ஓடல, பாத்துச் சொல்லுங்க” என்பதற்கும், “பேட்டரி 12.5 இருக்கு, கவ்விலதான் வோல்ட் இறங்குது” என்பதற்கும் உள்ள வேறுபாட்டைத் தந்தையாரின் பணப்பை நன்கு அறியும்.

ஞாயிறுதோறும் இயந்திரம் சூடாகும் முன் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். எண்ணெய், கூலன்ட், பிரேக் ஆயில், பேட்டரி முனைகள், நான்கு டயரும் ஸ்டெப்னியும், எல்லா விளக்குகளும் என வரிசையாகப் பார்த்து, தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எங்கள் வீட்டு நோட்டில் கிலோமீட்டர்க் கணக்கைத் தந்தையார் எழுதுகிறார். வோல்ட் கணக்கை நான் எழுதுகிறேன். ஒரு மாதம் எண்ணெய் சற்றே கூடுதலாகக் குறைந்தால், அது கசிவாக வளரும் முன்பே அந்த நோட்டு சொல்லிவிடும். நண்பர்களே, உங்கள் வீட்டில் கார் இல்லையேல் மோட்டார் சைக்கிள் இருக்கும், டிராக்டர் இருக்கும், தண்ணீர் இறைக்கும் மோட்டார் இருக்கும். பாடம் ஒன்றுதான். இந்த ஞாயிறே தொடங்கிப் பாருங்கள்.