ஊட்டிப் பயணமும் குழந்தையின் கழிப்பறைப் பழக்கமும்

அன்பு மகளுக்கு,

டயப்பரை விட்டு ஜட்டிக்கு மாறி ஒரு மாதமே ஆகியிருக்கும் இரண்டரை வயதுப் பேத்தியைக் கோடை விடுமுறைக்கு ஊட்டிக்கு அழைத்துச் செல்வது எப்படி, மறுபடியும் முழு நேர டயப்பருக்கே திரும்பிவிடலாமா என்று மகள் கேட்டிருந்ததற்கு விடையாக இந்தக் கடிதம் அமைகிறது. திரும்ப வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பழக்கத்தைக் காக்கும் பொறுப்பைப் பயண நாள்களில் குழந்தையின் தலையிலிருந்து இறக்கிப் பெரியவர்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும். வீட்டில் குழந்தை தானாக வந்து சொல்லும் நிலையை எட்டியிருந்தாலும், வெளியூரில் நேரம் பார்ப்பதும் இடம் தேடுவதும் பெற்றோரின் வேலையே ஆகும்.

கழிப்பறைப் பழக்கம் என்பது ஒரே திறன் அன்று. சிறுநீர்ப்பை நிறைந்ததை உணர்ந்து சொல்வது ஒன்று. சொன்ன பின் உரிய இடத்தை அடையும்வரை சுருக்குத் தசையை, அதாவது சிறுநீர்ப் பாதையை மூடும் தசையை, இறுக்கி வைத்திருப்பது மற்றொன்று. இந்த வயதில் முதல் திறன் வந்துவிட்டாலும் இரண்டாவது முதிர்ந்திருப்பதில்லை. சிறுநீர்ப்பையின் கொள்ளளவே ஏறத்தாழ 100 முதல் 150 மில்லிலிட்டர், ஒரு காபி டம்ளர் அளவுதான் என்பதால், குழந்தை ‘மூச்சா’ என்று வாயெடுத்த பிறகு கிடைக்கும் அவகாசம் மிகக் குறைவு. நாலு எட்டில் குளியலறை இருக்கும் வீட்டுக்கு அது போதும். முன்பின் தெரியாதவர்களின் பெட்டிகளைத் தாண்டிக்கொண்டு ரயில் பெட்டியின் கோடிக்குப் போய், அங்கே கதவு திறக்கக் காத்து நிற்பதற்குப் போதாது. ஆகவே பயணத்தில் குழந்தை சொல்லும்வரை காத்திராமல், ஒன்றரை அல்லது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பெரியவர்களே அழைத்துச் செல்வது நல்லது. ‘வருகிறதா’ என்று கேட்டால் விளையாட்டில் இருக்கும் குழந்தை ‘இல்லை’ என்றுதான் சொல்லும் என்பதால், ‘வா, போய்விட்டு வந்து ஆரஞ்சு உரிக்கலாம்’ என்று அடுத்து நடக்கப்போவதைச் சேர்த்துச் சொல்லி அழைப்பதே பலன் தரும்.

புதிய இடத்தில், கற்ற பழக்கம் சில நாள் குலைவதைப் பின்னடைவு என்று மருத்துவர்கள் குறிப்பிடுவார்கள். அது குழந்தையின் பிடிவாதமோ மறதியோ அன்று. வீட்டுக் கழிப்பறையின் ஓடு, பக்கெட்டின் நிறம், வழக்கமாக அழைத்துச் செல்லும் கை என்று பழக்கம் எவற்றைப் பற்றிக்கொண்டு வளர்ந்ததோ அவை அத்தனையும் ஒரே நாளில் இல்லாமல் போவதன் விளைவு. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் பெர்ரி பிராசல்டன் 1962இல் 1,170 குழந்தைகளைப் பற்றி வெளியிட்ட ஆய்வு, அவசரப்படுத்தாமல் குழந்தையின் ஆயத்தத்தைப் பின்பற்றிப் பழக்கியபோது பகல்நேரக் கட்டுப்பாடு சராசரியாக 28.5 மாதத்தில் கைகூடியதைக் காட்டியது. இன்றுவரை குழந்தை மருத்துவம் பெரும்பாலும் அந்த வழியையே பரிந்துரைக்கிறது. பேத்தி அந்தச் சராசரி வயதையொட்டித்தான் இருக்கிறாள். ஊட்டியில் ஒரு ஜட்டி நனைந்தால் ஒரு மாத உழைப்பு வீணாயிற்று என்று மகள் கலங்க வேண்டியதே இல்லை.

இரவுத் தூக்கத்தில் நனையாதிருப்பது இதிலிருந்து வேறான வளர்ச்சி. ஐந்து வயதுவரை இரவில் நனைப்பதை மருத்துவம் நோயாகக் கருதுவதில்லை. எனவே சென்னையிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குப் போகும் நீலகிரி எக்ஸ்பிரஸில் இரவு முழுவதும் டயப்பர் போட்டிருப்பதில் தவறே கிடையாது. ‘தூங்கும்போது மட்டும் இது, விடிந்ததும் உன் ஜட்டி’ என்று குழந்தைக்கு முன்கூட்டிச் சொல்லிவிட்டு, விடிந்ததும் சொன்னபடி மாற்றினால் போதும். பெரியவர்களின் வசதிக்காகப் பகலிலும் நினைத்தபோது டயப்பர், நினைத்தபோது ஜட்டி என்று மாற்றுவதுதான் குழந்தையைக் குழப்பும். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ரயிலில் தனிப் படுக்கை எடுக்காவிட்டால் கட்டணம் இல்லை. ஆகவே பேத்தி தாயின் படுக்கையில்தான் படுப்பாள் என்று எண்ணி, கீழ்ப் படுக்கையாகப் பார்த்துப் பதிவு செய்வதும், விரிப்புக்கு அடியில் போட ஒரு ரப்பர் ஷீட் எடுத்துக்கொள்வதும் இருவரின் தூக்கத்தையும் காக்கும்.

வண்டி நிலையத்தில் நிற்கும்போது கழிப்பறைக்குப் போகக் கூடாது என்ற பழைய எச்சரிக்கை, கழிவு நேராகத் தண்டவாளத்தில் விழுந்த காலத்துக்கு உரியது. பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ.வுடன் சேர்ந்து ரயில்வே கொண்டுவந்த உயிரிக் கழிப்பறையில், பெட்டிக்கு அடியில் உள்ள தொட்டியிலேயே நுண்ணுயிரிகள் கழிவைச் சிதைத்துவிடுகின்றன. அதனால் சென்னை சென்ட்ரலில் வண்டி புறப்படுவதற்கு முன்பே, ஆட்டம் இல்லாத நேரத்தில், குழந்தையை ஒருமுறை அழைத்துப் போய்விடலாம். ஓடும் வண்டியில் போக நேர்ந்தால், பெரியவர் கால்களை அகட்டி ஊன்றி, முதுகைச் சுவரில் நன்றாகச் சாய்த்துக்கொண்டு, குழந்தையின் முதுகு தம் மார்பில் படும்படி தூக்கி, இரு தொடைகளையும் உள்ளங்கைகளில் ஏந்திப் பிடிப்பது பாதுகாப்பானது. கிராமத்துத் தாய்மார்கள் வாசல் ஓரத்தில் கைக்குழந்தையைப் பிடிக்கும் அதே பிடிதான் இது. தன் உடல் முழுவதும் ஒருவர் கைக்குள் இருக்கிறது என்பதை உணரும் குழந்தைக்குக் கீழே தெரியும் ஓட்டையும் இரைச்சலும் அவ்வளவு அச்சம் தருவதில்லை. தண்ணீர் திறந்துவிடும் ஓசைக்குப் பயந்தால், குழந்தையை வெளியே நிற்கும் தந்தையிடம் கொடுத்த பிறகு திறக்கலாம். அந்த வேலை தாய்க்கு மட்டுமே உரியதாகக் குழந்தையின் மனத்தில் பதிந்துவிடாதபடி, மருமகனும் புறப்படுவதற்கு முன்பே வீட்டில் சில நாள் அழைத்துச் சென்று பழக்கியிருக்க வேண்டும்.

இந்தப் பயணத்தின் முக்கியமான பொழுது மேட்டுப்பாளையத்தில் இறங்கிய பின் கிடைக்கும் இடைவேளை. அங்கிருந்து காலை ஏழு மணியளவில் புறப்படும் மலை ரயிலின் பெட்டிகளில் கழிப்பறை கிடையாது; பல்சக்கரத் தண்டவாளத்தைப் பற்றிக்கொண்டு நீராவி எஞ்சினால் ஏறும் அந்த வண்டி, குன்னூரை அடையவே மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. வயிற்றில் உணவு விழுந்ததும் பெருங்குடல் அசையத் தொடங்குவது உடலின் இயல்பு. இரைப்பை–பெருங்குடல் அனிச்சை எனப்படும் இந்த இயக்கம் காலையில் வலுவாக இருக்கும் என்பதால், இறங்கியவுடன் குழந்தைக்குப் பாலோ இட்லியோ கொடுத்து, சிறிது நேரம் பொறுத்து, நிலையத்துக் கழிப்பறையில் அவசரமின்றி உட்கார வைப்பது மலைப்பாதையில் வரக்கூடிய பெரும் தவிப்பைத் தவிர்க்கும். வண்டி எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்க ஹில்குரோவில் நிற்கும். குன்னூரில் நீராவி எஞ்சினைக் கழற்றி டீசல் எஞ்சினைப் பூட்டுவார்கள். பயணிகள் படம் எடுக்கும் அந்த நேரங்களில் முதலில் குழந்தையை அழைத்துப்போக வேண்டும். படம் பிறகு எடுத்துக்கொள்ளலாம். வழியில் வராமல் இருக்கட்டும் என்று குழந்தைக்குத் தண்ணீரைக் குறைப்பது மட்டும் கூடவே கூடாது. சிறுநீர் அடர்ந்து எரிச்சல் தரும், மலமும் இறுகும்.

மலம் இறுகுவதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் விடுமுறையில் பெற்றோர் நனைந்த ஜட்டிக்குத்தான் அஞ்சுகிறார்கள், ஆனால் குழந்தையைப் பல வாரம் வருத்துவது இதுதான். அறிமுகமில்லாத கழிப்பறையை விரும்பாத குழந்தை மலத்தை அடக்குகிறது. அடக்கிய மலத்திலிருந்து பெருங்குடல் நீரை உறிஞ்சிக்கொண்டே இருப்பதால் அது கெட்டிப்படுகிறது. கெட்டிப்பட்டது வெளியேறும்போது வலிக்கிறது. வலித்ததை நினைவில் வைத்துக் குழந்தை அடுத்த முறை இன்னும் இறுக்கி அடக்குகிறது. திரைச்சீலைக்குப் பின்னால் போய் ஒளிவது, கால்களைப் பின்னிக்கொண்டு நுனிவிரலில் விறைத்து நிற்பது, முகம் சிவப்பது ஆகியவை முக்குவதன் அடையாளமாகத் தோன்றினாலும் பெரும்பாலும் அடக்குவதன் அடையாளங்களே. பிஸ்கட், ரொட்டி, சிப்ஸ் என்று போகும் பயணத் தீனியைக் குறைத்து, பப்பாளியும் ஊறவைத்து நசுக்கிய கருப்பு உலர்திராட்சையும் தினமும் கொடுப்பதும், காலை உணவுக்குப் பின் ஐந்து நிமிடம் உட்கார வைப்பதும் போதுமான தடுப்பு. தங்கும் விடுதியின் கமோடில் குழந்தையின் கால்கள் அந்தரத்தில் தொங்கினால் இடுப்புத் தளத் தசைகள், அதாவது மலக்குடலைத் தாங்கிப் பிடிக்கும் அடித்தசைகள், தளர்வதில்லை. ஆகவே காலுக்கு அடியில் ஆடாத ஒரு முக்காலி வேண்டும், அது இல்லையென்றால் தாயின் தொடையே தாங்கலாகட்டும். வெற்றிலைக் காம்பில் விளக்கெண்ணெய் தடவி வைக்கும் பழைய கைவைத்தியத்தை உடன் வரும் பெரியவர்கள் அன்பினால் சொல்லக்கூடும். அது மென்மையான இடத்தில் புண் உண்டாக்குவதோடு குழந்தையின் அச்சத்தையும் இரட்டிப்பாக்கும் என்பதால், பணிவோடு மறுத்துவிட வேண்டும்.

ஊட்டியின் குளிரில் சிறுநீர் அதிகமாகச் சுரக்கும் என்பதால் அங்கே இடைவெளியை இன்னும் குறைக்க வேண்டியிருக்கும். ஸ்வெட்டருக்குக் கீழே நாடா முடிச்சோ இறுக்கமான ஜீன்ஸோ இல்லாமல், ஒரே இழுப்பில் இறங்கும் எலாஸ்டிக் பேன்ட் போடுவது, பிரிக்கும் நேரத்தில் நனைந்துபோகும் துயரத்தை மிச்சப்படுத்தும். கைப்பையில் மாற்று ஜட்டிகள், ஒரு துண்டு, சோப்பு, கழுவுவதற்கென்று மறுபடி பயன்படும் ஒரு பாட்டில், ஈரத்துணி வைக்கும் பை ஆகியவை பெட்டிக்குள் புதையாமல் மேலாக இருக்க வேண்டும். நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்குத் தடை இருப்பதால் குடிப்பதற்கான ஸ்டீல் பாட்டிலும் வீட்டிலிருந்தே வர வேண்டும். பயன்படுத்திய டயப்பரைத் திடக்கழிவு மேலாண்மை விதிகள் சுகாதாரக் கழிவு என்ற வகையில் சேர்த்து, தனியாகச் சுற்றித்தான் ஒப்படைக்க வேண்டும் என்கின்றன. சோலைக் காட்டின் ஓரத்தில் அதை வீசிவிட்டு வருவது அந்த மண்ணுக்குச் செய்யும் தீங்கு. பெண் குழந்தையை முன்னிருந்து பின்னாகவே கழுவ வேண்டும் என்பது மகள் அறிந்ததுதான்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியது. உடன் வரும் உறவினர் யாரேனும் ‘சீ, இவ்வளவு பெரிய பெண் நனைத்துவிட்டாளே’ என்று சிரித்தால், மகளோ மருமகனோ அந்த இடத்திலேயே அதை நிறுத்திவிட வேண்டும். பெரியவர்கள் மனம் கோணுமே என்று தயங்கக் கூடாது. பலர் முன்னால் பட்ட வெட்கத்தைக் குழந்தை வார்த்தையாகச் சொல்லாது. அடுத்த முறை சொல்லாமல் மறைக்கும். நனைந்தால், குரலை உயர்த்தாமல், ‘சரி, மாற்றிக்கொள்ளலாம்’ என்று கூறித் தனியிடத்துக்கு அழைத்துப்போய் மாற்றிவிட்டுப் பேச்சை வேறு பக்கம் திருப்பினால் போதும்.

ஊர் திரும்பியதும் பழைய நேரங்களை அன்றே தொடங்கிவிட வேண்டும். பெரும்பாலான குழந்தைகள் ஓரிரு வாரத்தில் முன்னிருந்த நிலைக்கு வந்துவிடும். சிறுநீர் கழிக்கையில் அழுதாலோ, காரணம் தெரியாத காய்ச்சல் வந்தாலோ, மலத்தில் இரத்தம் தென்பட்டாலோ, மூன்று நாளுக்கு மேல் மலம் போகாமல் வயிறு உப்பி வலித்தாலோ, ஊர் திரும்பும்வரை காத்திராமல் ஊட்டியிலோ குன்னூரிலோ உள்ள மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும். குழந்தையின் எடையைப் புறப்படுவதற்கு முன் பார்த்துக் குறித்து வைத்துக்கொண்டால், அங்கே மருந்தின் அளவைத் தீர்மானிக்க அது உதவும்.

இப்படிக்கு,
பெரியம்மா