கரையான் தின்றதும் கல் காத்ததும்

இந்த மாதப் பாடம் கணினியைப் பற்றியது. ஆனாலும் தேவாரத்திலிருந்தே தொடங்குகிறேன்.

தில்லையில் ஓர் அறைக்குள் பூட்டிக் கிடந்த ஏடுகளைக் கரையான் அரித்துவிட்டது. சோழ மன்னரும் நம்பியாண்டார் நம்பியும் போய்த் திறந்தபோது மிஞ்சியதைத்தான் தொகுக்க முடிந்தது என்று திருமுறை கண்ட புராணம் சொல்கிறது. ஒரே இடம், ஒரே வகைப் பொருள், பல காலம் யாரும் திறந்து பார்க்கவில்லை. ஆனால் சம்பந்தரின் திருவிடைவாய்ப் பதிகம் வேறு வழியில் நமக்குக் கிடைத்தது. ஏட்டில் காணாத அந்தப் பதிகத்தைக் கோயில் கல்வெட்டு காத்து வைத்திருந்தது. வேறு பொருளில், வேறு இடத்தில் ஒரு நகல் இருந்ததால் பிழைத்தது.

நம்ம கிளையில் என்ன இருக்கு? உறுப்பினர் பதிவேடு, கணக்கு, கூட்டக் குறிப்பு, தேவார வகுப்பு ஒலிப்பதிவு, பழைய முகாம் படங்கள். பெரும்பாலும் எல்லாம் செயலாளரின் ஒரு மடிக்கணினியில்தானே!

ஒத்திசைவு வேறு, காப்பு நகல் வேறு

"கூகுள் டிரைவில் போட்டாச்சு, கவலை இல்லை" என்று பலர் நினைக்கிறோம். ஒத்திசைவு என்பது கண்ணாடி மாதிரி. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். கணினியில் வைரஸ் புகுந்து கோப்புகளைப் பூட்டினால், பூட்டிய கோப்பே அங்கும் போய்ச் சேரும். அழித்தது குப்பைத் தொட்டியில் 30 நாள்தான் இருக்கும். காப்பு நகல் என்றால் பழைய தேதியின் நிலை அப்படியே தனியாக இருக்க வேண்டும்.

3-2-1 விதி

மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், ஒன்று வெளியூரில். மடிக்கணினியில் ஒன்று, ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, இணையச் சேமிப்பில் ஒன்று. ஹார்ட் டிஸ்க்கை நகல் எடுத்ததும் கழற்றிவிடுங்கள். அதே அலமாரியில் வைத்தால் பயனில்லை. 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் வீட்டுக்குள் தண்ணீர் ஏறியபோது, மேசைமேல் இருந்ததும் அலமாரியில் இருந்ததும் சேர்ந்தே நனைந்தன. அதே ஆண்டு மார்ச்சில் பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஎச் தரவு மையம் எரிந்தது. காப்பு நகலையும் அங்கேயே வைத்திருந்தவர்கள் இரண்டையும் இழந்தார்கள்.

எடுத்துப் பார்த்தால்தான் நகல்

2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனப் பொறியாளர் ஒருவர் தவறான சேவையகத்தில் தரவை அழித்துவிட்டார். ஐந்து வகைக் காப்பு முறைகள் இருந்தும் எதுவும் ஒழுங்காகக் கைகொடுக்கவில்லை. நகல் எடுப்பது தோற்றுக்கொண்டிருந்தது யாருக்கும் தெரியவில்லை. சுமார் ஆறு மணி நேரத்துக்கு முன் வேறு வேலைக்காக எடுத்த நகல்தான் காப்பாற்றியது. அதற்குப் பிறகு பதிவானது போனதுதான்.

ஆகவே செயலவையில் இரண்டு கேள்வி கேளுங்கள். எத்தனை நாள் பதிவை இழந்தால் தாங்குவோம்? எத்தனை நாளில் மீண்டு வர வேண்டும்? ஒரு வாரம் தாங்கலாம் என்றால் வாரம் ஒரு நகல் போதும். நாளை பொதுக்கூட்டம் என்றால் இன்றே எடுக்க வேண்டும்.

பேரிடர் வந்த பிறகு

அவசரப்படாதீங்க. நனைந்த ஹார்ட் டிஸ்க்குக்கு மின்சாரம் கொடுக்காதீர்கள். கோப்பு அழிந்த வட்டில் புதிதாக எதையும் பதியாதீர்கள். வைரஸ் என்றால் முதலில் இணையத்தைத் துண்டியுங்கள். மிஞ்சிய ஒரே நகலை அந்தக் கணினியில் செருகவே கூடாது. சுத்தமான வேறொரு கணினியில் நகலுக்கு ஒரு நகல் எடுத்து, அதிலிருந்து மீட்டெடுங்கள். பதிவேட்டில் எத்தனை பேர், கணக்கில் கடைசி வரவு எது என்று சரிபார்த்த பிறகே வேலையைத் தொடருங்கள்.

இன்னொன்று. பதிவேட்டில் அடையாள அட்டை எண்கள் இருக்கும். நகலுக்குக் கடவுச்சொல் போடுங்கள், அதை இருவர் அறிந்திருக்கட்டும். ஒருவர் மட்டும் அறிந்தால் அது மறுபடியும் பூட்டிய அறைதான்.

செய்து பாருங்கள்

1. கிளையில் இழக்கவே கூடாத ஐந்து கோப்புகளைப் பட்டியலிடுங்கள்.
2. ஒவ்வொன்றுக்கும் எத்தனை நகல், எங்கே, யாரிடம் என்று எழுதுங்கள்.
3. அடுத்த கூட்டத்தில் செயலாளரின் கணினியைத் தொடாமல், நகலிலிருந்து மட்டும் பதிவேட்டைத் திறந்து காட்டுங்கள்.

மூன்றாவது பயிற்சியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை செய்யச் சொல்வேன். திறந்தால் அது நகல். திறக்காவிட்டால் இன்றைக்கே தெரிந்ததற்கு நன்றி சொல்லி, புதிதாக எடுத்து வையுங்கள்.