தோல் ஜாக்கெட் வைத்திருக்கும் மருமகனுக்கு

வாணியம்பாடி

  

பெங்களூரில் இருந்தவரை உன் மோட்டார் சைக்கிள் பிரயாணங்களுக்கெல்லாம் துணையாயிருந்த தோல் ஜாக்கெட், சென்னைக்கு மாற்றலாகி வந்த முதல் ஐப்பசி மழையிலேயே பீரோவுக்குள் வெள்ளை பூத்துவிட்டதென்றும், அதைச் சோப்புப் போட்டு அலசி மொட்டை மாடி வெயிலில் காயவைத்துவிடலாமா என்றும் கேட்டிருக்கிறாய். செய்துவிட்டுச் சொல்லாமல் கேட்டுவிட்டுச் செய்ய நினைத்தாயே, அந்த மட்டில் ஜாக்கெட் பிழைத்தது. தோல் பதனிடும் ஷாப்புகளிலேயே உத்தியோக காலம் முழுவதையும் கழித்தவன் என்ற பாத்தியதையில் சொல்கிறேன்: அழுக்கினால் கெட்டுப்போன ஜாக்கெட்டுகளைக் காட்டிலும், அழுக்கைப் போக்கியே தீருவதென்று கங்கணம் கட்டிக்கொண்டவர்களின் அதீத சிரத்தையினால் கெட்டவையே அதிகம்.

காரணத்தைத் தெரிந்துகொண்டால், எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்பதை நான் ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டியதில்லை. தோல் என்பது ஒரு பிராணியின் உடலில் கொல்லாஜன் என்ற புரத இழைகள் மேலும் கீழும் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக்கொண்டு உண்டான வஸ்து. அது அழுகாமல் நிலைப்பதற்கு, நம் பக்கத்தில் முற்காலத்தில் ஆவாரம்பட்டையையும் கடுக்காயையும் ஊறவைத்த நீரில் நாட்கணக்காகப் போட்டுப் பதனிட்டார்கள். சென்ற நூற்றாண்டின் துவக்கத்தில் சென்னை மாகாணத்துக்குக் குரோமியம் என்ற உலோகத்தின் உப்பைக் கொண்டு பதனிடும் முறை வந்தது. 1912-இல் அந்த முறைக்கென ஏற்பட்ட தொழிற்சாலை ஒன்றினால்தான் நீ தினமும் ரயிலில் கடந்து போகிற குரோம்பேட்டைக்கு அந்தப் பெயரே உண்டாயிற்று. உன் ஜாக்கெட்டும் பெரும்பாலும் குரோம் தோலாகவே இருக்கும். மிருதுவும் லேசும் வேண்டிய உடுப்புகளுக்கு அதுவே வழக்கம். ஆனால் பதனிட்ட தோலை அப்படியே உலர்த்தினால் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பலகையாய் விறைத்துவிடும் என்பதால், சாயமேற்றும் சமயத்தை ஒட்டி, சுழலும் பெரிய மர டிரம்முக்குள் வெந்நீரோடு கலந்து கரைந்து நிற்கும்படி செய்த எண்ணெயை ஊற்றி, அது ஒவ்வோர் இழையின் மேலும் படியும்வரை உருட்டுவார்கள். தோளில் போட்டுக்கொள்ளும்போது நீ அனுபவிக்கிற அந்தக் குழைவு முழுவதும் அந்த எண்ணெயினால் வந்ததுதான். சோப்பு நீரில் முக்கி அலசினால் சாயத்தோடு அந்த எண்ணெயும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். அதோடு, பதனிட்ட தோல் சிறிது அமில சுபாவமுள்ளது, துணி சோப்போ காரமுள்ளது, ஆகையால் இரண்டுக்கும் ஒத்துப்போவதில்லை. வாஷிங் மெஷினைப் பற்றி நான் எழுதவே போவதில்லை.

எந்தப் பிரயோகத்துக்கும் முன்னால் ஒரு சிறிய பரீக்ஷை செய். காலரின் அடிப்புறத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார். சொட்டு முத்தாக நின்றால் மேலே வர்ணப் பூச்சு உள்ள தோல். ஈரத் துணியைத் தாங்கும். உடனே உறிஞ்சிக் கருத்தால் பூச்சில்லாத தோல். அதை அதிக ஜாக்கிரதையோடு தொட வேண்டும். மயிர்ப் பதமாகச் சுரண்டிய ஸ்வேட் வகையாயிருந்தால் ஈரமே கூடாது. மென்மையான பிரஷ்ஷும் பென்சில் அழிக்கும் ரப்பருமே போதும்.

இனி அந்த வெள்ளைக்கு வருவோம். வெள்ளையெல்லாம் பூஞ்சணமன்று. உள்ளே ஊட்டிய கொழுப்பே சில சமயம் மேலே வந்து மெழுகாகப் படியும். தலைமயிர் உலர்த்தும் கருவியை ஒரு முழ தூரத்தில் பிடித்து மிதமான சூட்டைக் காட்டினால் அது கரைந்து மறைந்துவிடும், துடைத்துவிட்டால் தீர்ந்தது. சூட்டுக்கு மறையாமல், மூக்கருகே கொண்டுபோனால் பூட்டிக் கிடந்த அறையின் வாடை அடித்தால் பூஞ்சணம்தான். அப்படியானால் ஜாக்கெட்டை வீட்டுக்குள் உதறாமல் வெளியே எடுத்துப்போய், மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு, உலர்ந்த மெல்லிய பிரஷ்ஷினால் தள்ளிவிடு. பிறகு மருந்துக் கடையில் விற்கும் நிறமில்லாத ஸ்பிரிட்டில் அதே அளவு தண்ணீர் கலந்து, பஞ்சுத் துணியை நனைத்து நன்றாகப் பிழிந்து, மறைவான இடத்தில் சாயம் கலைகிறதா என்று பார்த்துக்கொண்டு, துடைக்க வேண்டியது; நனைப்பது அன்று, துடைப்பது. அருகில் அடுப்போ விளக்கோ இருக்கலாகாது. தையலோரங்களையும் பாக்கெட்டின் உட்புறத்தையும் விட்டுவிட்டால், இரண்டு வாரத்தில் அங்கிருந்தே மறுபடி கிளம்பும். துடைத்தபின் மின்விசிறியின் கீழே நிழலில் காயட்டும். வெயில் பூஞ்சணத்தைக் கொல்லும் என்பது மெய்தான். ஆனால் ஈரத்தோடு சூடேறிய தோல் சுருங்கி முறுகிவிடும், சாயமும் வெளுக்கும், போன மிருது பிறகு எந்த உபாயத்தாலும் திரும்பாது. பீரோவின் பலகைகளையும் அதே ஸ்பிரிட் நீரால் துடைக்காமல் ஜாக்கெட்டை மட்டும் சுத்தம் செய்து திரும்ப உள்ளே மாட்டுவதில் பிரயோஜனமில்லை.

சாதாரண அழுக்குக்கு, வெதுவெதுப்பான நீரில் குழந்தைகளுக்கான ஷாம்புவில் சில துளிகள் விட்டுத் துணியைப் பிழிந்து துடைத்து, உடனே வெறும் நீரில் பிழிந்த துணியால் மறுமுறை துடைத்தால் போதும். கழுத்துப் பட்டையும் கைமுனையும்தான் சீக்கிரம் கறுக்கும் இடங்கள். தலையில் தடவும் எண்ணெயும் வியர்வையும் அங்கே சேருகின்றன. எண்ணெய்க் கறை புதிதாயிருந்தால் தண்ணீரைக் காட்டாமல் சோள மாவைத் தூவி இரவு முழுவதும் வைத்திருந்து காலையில் தட்டிவிடு. உள்துணியில் வாடை இருந்தால், ஜாக்கெட்டை உட்புறம் வெளியாகத் திருப்பி அதை மட்டும் ஈரத்துணியால் துடைத்துக் காற்றாட விட வேண்டும்.

எண்ணெயைப் பற்றி என் அக்கா ஏதாவது சொல்லக்கூடும். செருப்புக்கு விளக்கெண்ணெய் தடவிய வீட்டில் வளர்ந்தவர்கள் நாங்கள். பட்டையில் பதனிட்ட தடித்த தோலுக்கு அது பொருந்திற்று. ஜாக்கெட்டின் மெல்லிய தோலுக்குச் சமையல் எண்ணெயும் வேண்டாம், தேங்காயெண்ணெயும் வேண்டாம், ஆலிவ் எண்ணெய் என்று நாகரிகமாய்ச் சொன்னாலும் வேண்டாம். நிறம் திட்டுத் திட்டாய்க் கருத்து, நாளடைவில் சிக்கு வாடை எடுத்து, பூஞ்சணத்துக்கே ஆகாரமாகிவிடும். பூட் பாலிஷும் ஆகாது. பின்னால் உட்கார்ந்து வருபவரின் சட்டையில் அது ஒட்டும். லெதர் கண்டிஷனர் என்று டப்பியில் விற்பதை வாங்கி, தோலின் மேலே தடவாமல் துணியில் கொஞ்சம் எடுத்து, மெலிதாகத் தேய்த்து, அரைமணி கழித்து மிச்சத்தைத் துடைத்துவிடு. சென்னைக் காற்றில் வருஷத்துக்கு ஒருமுறை, மிஞ்சினால் இருமுறை. அதுவும் மழைக்காலம் கழிந்து தையிலோ மாசியிலோ.

மழையில் நனைந்து வந்தால் துவாலையால் ஒற்றியெடுத்து, பாக்கெட்டுகளைக் காலிசெய்து, அகலமான தோள் உள்ள மர ஹேங்கரில் மாட்டிவிடு. கம்பி ஹேங்கர் தோளில் கொம்பு முளைக்கச் செய்யும். இஸ்திரிப் பெட்டியைத் தேடாதே, தொங்கவிட்டால் சுருக்கம் தானே தணியும். ஜிப் இறுகினால் பற்களில் மெழுகுவத்தியைத் தேய்த்து நாலு முறை ஏற்றி இறக்கு. வைத்திருக்கும் இடத்தில் பிளாஸ்டிக் உறை உதவாது. பழைய பருத்தி வேட்டியால் மூடு. அந்துருண்டை போட்டே ஆக வேண்டுமென்றால் தோலைத் தொடாமல் தொங்கவிடு. ஐப்பசி, கார்த்திகையில் பீரோவைத் திறந்து வைப்பதும், வாரம் ஒருநாள் ஜாக்கெட்டை எடுத்து மாட்டிக்கொண்டு நடப்பதும் எந்த மருந்தைவிடவும் மேலான காப்பு; காற்றோட்டமில்லாத ஈரத்தில்தான் பூஞ்சணம் குடியேறுகிறது.

வலது முழங்கையில் சிறு கிழிசல் இருப்பதாகவும் எழுதியிருக்கிறாய். அதை ஊசியால் நீயே தைக்காதே. துணியில் ஊசித் துளை மூடிக்கொள்ளும், தோலில் மூடாது, துளையின் வரிசையிலேயே மேலும் கிழியும். பெரியமேட்டில் தோல் வேலை செய்பவர் யாரிடமாவது கொடுத்து, உட்புறமாக மெல்லிய ஒட்டுத்தோல் வைத்துப் பசையால் ஒட்டச் சொல். கூலியை முன்னதாகவே பேசிக்கொள். ஒட்டுகிற தோல் என்ன தோல் என்றும் கேட்டுப் பார், ரெக்ஸினாயிருந்தால் ஜாக்கெட்டை வாங்கிக்கொண்டு திரும்பிவிடு.

இப்படிக்கு,
உன் நலம் கோரும் மாமா