மலைப்பாதையில் ஒரு துளிக் கசிவு

நாமக்கல் மாவட்டத்துக் காரவள்ளி அடிவாரத்திலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய வல்வில் ஓரியின் மலை என இலக்கியம் பயின்றோர் இதனை அறிவர். ஊர்தி ஓட்டுநர்கள் அறிந்த கொல்லிமலையோ வேறு. சமவெளியில் பல மாதங்கள் குறையின்றி ஓடிய மகிழுந்து, இங்கே பாதி வளைவுகளைக் கடப்பதற்குள் ஆவி கக்கி நின்றுவிடுவதுண்டு. அப்பழுது அன்று தோன்றியதன்று. முன்பே இருந்த கசிவை மலை வெளிப்படுத்திவிட்டது.

எரிபொருள் தரும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே சக்கரத்தைச் சுழற்றும் ஆற்றலாகிறது. மற்றொரு பங்கு புகையோடு வெளியேறுகிறது. எஞ்சிய வெப்பத்தின் பெரும்பகுதியை எஞ்சினைச் சுற்றி ஓடும் நீர்மம் ஏந்திச்சென்று, முன்புறமுள்ள ரேடியேட்டரில் காற்றிடம் ஒப்படைக்கிறது. மலையேற்றத்தில் எஞ்சின் மிகுதியாக உழைக்கிறது; ஊர்தியோ மெல்ல நகர்கிறது. வெப்பம் பெருகும் வேளையில் எதிர்க்காற்று குறைந்துவிடுகிறது.

இங்கே மாணவர் ஊன்றி அறியவேண்டிய அறிவியல் ஒன்று உண்டு. ஏறத்தாழ 1200 மீட்டர் உயரத்தில், திறந்த கலத்திலுள்ள நீர் 96 டிகிரி செல்சியசிலேயே கொதித்துவிடும். உழைக்கும் எஞ்சினின் நீர்மம் இந்த வெப்பநிலையை எளிதில் எட்டும். ஆயினும் பழுதில்லாத ஊர்தியில் அது கொதிப்பதில்லை. ரேடியேட்டரின் மூடி வெறும் மூடியன்று. வில்சுருள் பொருத்திய அழுத்தக் காப்பு. அது உள்ளே ஏறத்தாழ ஒரு வளிமண்டல அளவு கூடுதல் அழுத்தத்தைத் தேக்கி, கொதிநிலையை 120 டிகிரியை ஒட்டி உயர்த்துகிறது. ஊசித்துளை அளவு கசிவு ஏற்பட்டாலும் இவ்வழுத்தம் நில்லாது. ஆகவே, இழந்த நீரின் அளவைவிட இழந்த அழுத்தமே முதற்கேடு. நீர் குறையாதபோதே கொதிப்பு தொடங்கிவிடும். கொதித்தபின் நீரும் வெளியேறும். அதன்பின்னும் ஓட்டினால் அலுமினிய எஞ்சின் தலைப்பகுதி வளைந்துபோகும்.

வெப்பமுள் சிவப்புக் கோட்டை நெருங்கியதும் ஊர்தியை ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்தல் வேண்டும். அரைமணி நேரமேனும் ஆறும்வரை மூடியைத் தொடலாகாது. திறந்த நொடியில் அழுத்தம் விடுபட, கொதிநீர் முகத்தில் பீறிட்டடிக்கும். ஆறாத எஞ்சினில் குளிர்ந்த நீரை ஊற்றினால் உலோகம் விரிசலுறும்.

ஆறியபின் தேடல் தொடங்கும். ஊர்தியின் அடியில் அட்டை ஒன்றை விரித்துவைத்தால் சொட்டும் இடம் தெரியும். பச்சை அல்லது இளஞ்சிவப்பு நிறமும் இனிப்பு வாடையும் குளிர்விப்பு நீர்மத்திற்கு உரியவை. நிறமற்ற தூய நீர் பெரும்பாலும் குளிரூட்டியிலிருந்து சொட்டுவது. பலர் இதைக் கண்டே வீணே அஞ்சுவர். இரப்பர்க் குழாய்களின் பிடிவளையம், நீரேற்றியின் அடித்துளை, பிளாஸ்டிக் தொட்டியும் அலுமினியப் பின்னலும் கூடும் விளிம்பு ஆகியவற்றில் உலர்ந்த படிவுக்கோடு தென்படுகிறதா எனப் பார்த்தல் வேண்டும். எங்கும் தென்படவில்லையெனில், கைப்பம்பினால் மூடியில் குறித்த அளவுக்கு அழுத்தம் ஏற்றி முள் இறங்குகிறதா எனக் கவனிப்பர். வெளியே ஈரமே இல்லாமல் முள் இறங்கினால் கசிவு எஞ்சினுக்குள்ளேயே இருக்கலாம். வெண்புகையும், பால்போல் வெளுத்த எண்ணெயும் அதன் அறிகுறிகள்.

பழுதுநீக்கும் முறை ரேடியேட்டரின் உலோகத்தைப் பொறுத்தது. 1901ஆம் ஆண்டில் புகழ்பெற்ற மெர்சிடிஸ் ஊர்திக்கு வில்லெம் மேபாக் அமைத்த தேன்கூட்டு ரேடியேட்டரில் 8070 சிறு குழாய்கள் இருந்தன. பின்னர் நெடுங்காலம் செம்பும் பித்தளையுமே வழங்கின. அவற்றின் துளையைச் சுரண்டித் தூய்மை செய்து, ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்றாசை உருக்கி அடைப்பர். யாப்பிலக்கணம் கற்றோர்க்கு இச்சொல் புதிதன்று. ஆசிடை நேரிசை வெண்பாவில், தனிச்சொல்லோடு இணக்கமுறச் சேர்க்கப்படும் அசையை ‘ஆசு’ என்றதற்கு, உலோகத் துண்டுகளை இணைக்கும் இப்பற்றாசே உவமை. கொல்லன் பட்டறைச் சொல்லை இலக்கண நூலார் தயங்காது ஏற்றனர் என்பது எண்ணத்தக்கது. இன்றைய அலுமினியப் பின்னலில் பழைய பற்றாசு ஒட்டாது. விளிம்பு இரப்பரை மாற்றுவர், இயலாதபோது ரேடியேட்டரையே மாற்றுவர்.

வழியில் மஞ்சள்தூளைக் கொட்டிக் கசிவை அடைக்கும் வழக்கமும் ஓட்டுநர்களிடையே உண்டு. அது அடிவாரம் சேரும்வரை உதவலாம். நாளடைவில் நுண்குழாய்களையும் அடைத்துவிடும். பழுது நீங்கியபின் புதிய நீர்மத்தை நிரப்பி, உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றி, மீண்டும் அழுத்தச் சோதனை செய்தபிறகே மலையேறுதல் தகும். வடித்த பழைய நீர்மத்தை ஓடையோரம் கொட்டுதல் கொடிது. அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவையுடைய நஞ்சு. நாயும் ஆடும் நக்கிக் குடித்து மடியும். மூடிய கலத்தில் சேர்த்துப் பணிமனையில் ஒப்படைத்தல் வேண்டும்.

கற்பவை கற்றபின்

உங்கள் ஊர்ப் பழுதுநீக்கும் பணிமனைக்குச் சென்று, அங்குள்ளோர் கருவிகளுக்கும் செயல்களுக்கும் வழங்கும் தமிழ்ச் சொற்களைத் திரட்டுக. அவற்றுள் இலக்கண, இலக்கிய நூல்களிலும் இடம்பெறுவன எவை எனக் கண்டு வகுப்பில் உரையாடுக.